குழந்தையை முதல்முறையாகக் கால்பந்து ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போவது எப்படி?

என் மகளுக்கு நான்கு வயதானபோது அவளை முதல்முறையாக ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு கோல். சுற்றியிருந்த அத்தனை பேரும் எழுந்து கத்த, நானும் கத்தினேன். குனிந்து பார்த்தால் அவள் என் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். டிவியில் அதே அணி கோல் போட்டால் சோபாவில் ஏறிக் குதிப்பவள் அவள். மீதி ஆட்டம் எங்களுக்குக் கேலரிக்குப் பின்னால் இருந்த நடைவழியில்தான் போனது.

அடுத்தமுறை போவதற்குள் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டேன். அப்படிக் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதியிருக்கிறேன்.

படி 1: சின்ன ஆட்டமாகத் தேர்ந்தெடுங்கள்

உங்களுக்குப் பிடித்த அணியின் பெரிய ஆட்டம் வேண்டாம். இறுதிப் போட்டி, பரம எதிரிகள் மோதும் ஆட்டம் இதெல்லாம் நெரிசலும் பதற்றமும் நிறைந்தவை. கீழ்நிலை லீக், பெண்கள் அணி, இளையோர் அணி, நட்பு ஆட்டம் இவற்றில் ஒன்றைப் பாருங்கள். பெரும்பாலும் கூட்டம் குறைவாக இருக்கும், வீரர்களை அருகில் பார்க்கலாம், நடுவில் எழுந்து போனாலும் யாருக்கும் தொந்தரவில்லை. தூங்கும் நேரத்தைத் தாண்டாத பகல் ஆட்டமாக இருந்தால் இன்னும் நல்லது.

எந்த வயதில் கூட்டிப்போவது என்று பலர் கேட்பார்கள். நான் வயதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே இடத்தில் அரைமணி நேரமாவது உட்கார முடிகிறதா, சிறுநீர் வந்தால் முன்கூட்டியே சொல்லத் தெரிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் போகலாம்.

டிக்கெட் வாங்கும்போது, மடியில் உட்காரும் குழந்தைக்கும் டிக்கெட் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். சில மைதானங்களில் கைக்குழந்தைக்கும் டிக்கெட் கட்டாயம்.

படி 2: இருக்கை

கோல்போஸ்டுக்குப் பின்னால் உள்ள கேலரியைத் தவிருங்கள். பல மைதானங்களில் அணியின் தீவிர ரசிகர்கள் கூடும் இடம் அதுதான். மேளமும் கொடியும் இருக்கும், 90 நிமிடமும் நின்றுகொண்டே பாடுவார்கள். முன்னால் நிற்கும் முதுகுகளைத் தவிர உங்கள் குழந்தைக்கு எதுவும் தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு. பெரியவர்கள் ஆடும் பந்தின் எடை 410 முதல் 450 கிராம். பயிற்சியின்போது குறி தவறும் பந்துகள் அந்தப் பக்கம்தான் பறந்து வரும்.

பக்கவாட்டுக் கேலரியில், மிக முன்னாலும் இல்லாமல் உச்சியிலும் இல்லாமல் ஒரு வரிசை. முதல் வரிசை ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே சின்னக் குழந்தையின் கண் உயரத்துக்கு விளம்பரப் பலகைகள்தான் தெரியும். குடும்பங்களுக்கென்று தனிப் பகுதி இருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். வழியை ஒட்டிய ஓர இருக்கையாக இருக்கட்டும், ஏனென்றால் குறைந்தது நான்கு தடவையாவது எழுந்து போவீர்கள்.

சட்டை நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர் அணியின் பகுதியில் எதிரணி நிறத்தில் போனால் சில மைதானங்களில் உள்ளேயே விடமாட்டார்கள்.

படி 3: ஒரு வாரம் முன்பே வீட்டில் தொடங்குங்கள்

என் அனுபவத்தில் நாள் நன்றாகப் போவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் இந்தப் படியில்தான் இருக்கிறது.

முதலில் சத்தம். நிரம்பிய மைதானத்தில் கோல் விழும்போது எழும் ஆரவாரம் 100 டெசிபெலைச் சுலபமாகத் தாண்டும். டிவியில் அதை நாம் ரிமோட்டால் அடக்கிவைத்திருக்கிறோம், குழந்தைக்கு அது தெரியாது. அதனால் கூட்டத்தின் ஆரவாரம் உள்ள வீடியோ ஒன்றைத் தினமும் இரண்டு நிமிடம், சற்றே சத்தம் கூட்டிக் கேட்கவிடுங்கள். "கோல் விழுந்தால் எல்லோரும் எழுந்து கத்துவாங்க. யாருக்கும் கோபம் இல்ல, சந்தோஷத்துலதான் கத்துறாங்க" என்று சொல்லிவையுங்கள். என் மகளிடம் நான் சொல்லாமல் விட்டது இந்த இரண்டு வரியைத்தான்.

கூடவே குழந்தைகளுக்கான காது கவசம் ஒன்று வாங்குங்கள். ஹெட்போன் மாதிரி காதை முழுதாக மூடும் வகை. பஞ்சு அடைப்பான் வேண்டாம், சின்னக் குழந்தைகள் அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். வீட்டில் நான்கு நாள் மாட்டிப் பழக்குங்கள். மைதானத்தில் முதல்முறையாக மாட்டினால் கழற்றி எறிந்துவிடுவார்கள்.

அப்புறம் விதிகள். இவ்வளவு போதும்: பந்தைக் கையால் தொடக்கூடாது. கோல்கீப்பர் மட்டும் தன் கோலுக்கு முன்னால் கோடு போட்டிருக்கும் பெரிய பெட்டிக்குள் தொடலாம். பந்து கோட்டை முழுதாகத் தாண்டி வலைக்குள் போனால் கோல். வெளியே போன பந்தைக் கையால் எறிவதைப் பார்த்து "அவர் மட்டும் ஏன்?" என்று நிச்சயம் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள். ஆஃப்சைடு என்ற சிக்கலான விதியின் பக்கமே போகாதீர்கள்.

நடுவர் காட்டும் மஞ்சள் (எச்சரிக்கை), சிவப்பு (வெளியே போ) அட்டைகளைச் சொல்லிக்கொடுங்கள், குழந்தைகளுக்கு அது மிகவும் பிடிக்கும். கென் ஆஸ்டன் என்ற இங்கிலாந்து நடுவருக்குப் போக்குவரத்து சிக்னலைப் பார்த்து வந்த யோசனை அது. மொழி தெரியாத வீரருக்கும் புரிய வேண்டும் என்று 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் கொண்டுவந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் சட்டென்று புரிவது அதனால்தான்.

ஒரு சின்ன விளையாட்டும் உண்டு. கோல்போஸ்ட் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். தெருவிலோ பூங்காவிலோ அந்த அகலத்தை அளந்து இரண்டு செருப்புகளை வையுங்கள். குழந்தையை நடுவில் நிற்கவைத்துப் பந்தை உருட்டுங்கள். கோல்கீப்பரின் வேலை எவ்வளவு கஷ்டம் என்று அதற்குப் பிறகு விளக்கவே வேண்டியதில்லை.

படி 4: பை

சிறியதாக இருக்கட்டும். பை அளவு, தண்ணீர் பாட்டில், வெளி உணவு பற்றி மைதானத்துக்கு மைதானம் விதி மாறும், முந்தின நாளே பார்த்துவிடுங்கள். மாற்றுத் துணி ஒரு செட், ஈரத் துடைப்பான், ஒரு மெல்லிய போர்வை. உங்கள் போன் நம்பரைக் குழந்தையின் முன்கையில் பேனாவால் எழுதுங்கள். கிளம்பும்போது அன்று போட்டிருக்கும் உடையோடு ஒரு போட்டோ எடுங்கள், தொலைந்துபோனால் என்ன நிறச் சட்டை என்று அந்தப் பதற்றத்தில் ஞாபகம் வராது.

படி 5: ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள்

கூட்டம் சேருவதற்கு முன் வெறும் மைதானத்தைப் பார்ப்பது குழந்தைக்கு நல்லது. சத்தம் மெல்ல மெல்லக் கூடும்போது காதும் மனசும் பழகிக்கொள்ளும். கழிப்பறை, வெளியே போகும் வழி, பளிச்சென்ற மேலங்கி போட்ட பணியாளர் மூன்றையும் காட்டி, "என்னைக் காணோம்னா இந்தச் சட்டை போட்டவங்ககிட்ட போ" என்று சொல்லுங்கள்.

வீரர்கள் பயிற்சிக்கு வருவதை விட்டுவிடாதீர்கள். அப்போது பந்துகள் நிறைய, கோல்களும் நிறைய. சில இடங்களில் ஆட்டத்துக்கு முன் புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சுவார்கள், ஈரப் புல்லில் பந்து வேகமாக ஓடும் என்பதற்காக. இரண்டாம் முறை போனபோது என் மகள் அதைத்தான் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

படி 6: ஆட்டம் நடக்கும்போது

டிவியில் கேமரா பந்தைத் துரத்திக் காட்டும், வர்ணனையாளர் பெயர் சொல்வார். இங்கே 22 பேர் தூரத்தில் ஓடுகிறார்கள், யாரும் எதுவும் சொல்வதில்லை. அதனால் பார்ப்பதற்கு ஒரே ஒருவரைக் கொடுங்கள். கோல்கீப்பர்தான் சரியான ஆள். சட்டை நிறம் தனி, ஏறக்குறைய ஒரே இடத்தில் இருப்பார், பந்து எதிர்ப் பக்கம் இருக்கும்போது என்ன செய்கிறார் என்று கவனிக்கச் சொல்லலாம்.

கழிப்பறைக்கு 40-வது நிமிடத்தில் கிளம்புங்கள். இடைவேளை 15 நிமிடம்தான், எல்லோரும் அப்போதுதான் வருவார்கள்.

பயந்தால் சமாதானம் சொல்லி உட்காரவைக்காதீர்கள். தூக்கிக்கொண்டு பின்னால் நடைவழிக்குப் போங்கள், ஐந்து நிமிடம் கழித்து "இன்னொரு தடவை எட்டிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போய்விடுங்கள். முதல் பாதியோடு கிளம்புவதில் ஒரு தவறும் இல்லை. டிக்கெட் காசை நினைத்து உட்காரவைத்தால் மைதானம் என்றாலே அழுகிற குழந்தையைத்தான் வீட்டுக்குக் கூட்டிவருவீர்கள்.

படி 7: வெளியே வருவது

ஆட்டம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போதே கிளம்புங்கள், அல்லது கூட்டம் கலையும்வரை இருக்கையிலேயே இருங்கள். நடுவில் மட்டும் வேண்டாம். படிகளில் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், நெரிசலில் அவர்கள் உயரத்துக்கு வெறும் கால்கள்தான் தெரியும்.

அடுத்த ஆட்டத்துக்கு உடனே டிக்கெட் போடாதீர்கள். குழந்தை தானாகக் கேட்கட்டும். என் மகள் இரண்டாம் முறை போய்வந்த பிறகு மூன்று வாரம் கழித்துக் கேட்டாள்: "அந்தத் தண்ணி அடிக்கிற இடத்துக்கு எப்பப்பா போவோம்?"