வியட்நாமியச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொருள் எழுதாதீர்கள்

வியட்நாமிய மொழி படிக்கத் தொடங்கும் நம்மவர்கள் நோட்டில் நடுவே ஒரு கோடு போடுவார்கள். இந்தப் பக்கம் வியட்நாமியச் சொல், அந்தப் பக்கம் ஆங்கிலப் பொருள். செயலிகளும் அப்படித்தான் சொல்லித் தருகின்றன. தமிழ் தெரிந்தவருக்கு இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. பாதித் தவறுகள் அங்கேதான் முளைக்கின்றன.

சோற்றிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலத்தில் எல்லாம் 'ரைஸ்'. அவர்களுக்கோ வயலில் நிற்கும் நெற்பயிர் 'லுஅ', அடித்துக் குவித்த நெல் 'தாக்', அரிசி 'காவ்', வெந்த சோறு 'கம்', நொய் 'தம்'. தெற்கிலுள்ள சைகோன் நகரத் தெருவோரத்தில் சுட்ட பன்றி இறைச்சியோடு தட்டில் வரும் 'கம் தம்', நொய்யரிசிச் சோறுதான். மளிகைக் கடையில் போய் 'கம்' இரண்டு கிலோ கேட்டால் கடைக்காரர் விழிப்பார். நோட்டில் ஐந்து தடவை 'ரைஸ்' என்று எழுதியவருக்கு இந்தச் சங்கடம் வரும்; பயிர், நெல், அரிசி, சோறு, நொய் என்று எழுதியவருக்கு வராது.

அடுத்தது ஆங்கில 'வீ'. வியட்நாமியத்தில் இதற்கு 'சுங் தா', 'சுங் தோய்' என்று இரண்டு சொற்கள். ஆங்கிலேயருக்கு இதை விளக்க ஒரு பாடமே வேண்டும். நமக்கு நாம், நாங்கள், முடிந்தது. விருந்து கொடுத்தவரிடம் 'சுங் தா' கிளம்புகிறோம் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போவதாக அர்த்தம்.

'ஐ', 'யூ' என்பதற்குச் செயலிகள் தரும் 'தோய்', 'பான்' இரண்டையும் எல்லாரிடமும் பயன்படுத்துவது இன்னொரு தவறு. வயதில் மூத்தவரிடம் 'தோய்' என்றால் விறைப்பாகக் கேட்கும். சற்று மூத்த ஆணை 'ஆன்' (அண்ணன்) என்று கூப்பிட்டு, தன்னை 'எம்' (தம்பி, தங்கை) என்று சொல்லிக்கொள்வதே வழக்கம். உறவுச் சொல்லே அங்கே 'நான்', 'நீங்கள்' இரண்டுமாகிறது. சித்தப்பா 'சூ', தாய்மாமன் 'கவ்'. இருவரையும் 'அங்கிள்' என்று எழுதிவைத்தால் எது யாருக்கு என்று தெரியாது.

'சாப்பிட்டாச்சா?' என்பதுபோல அங்கும் 'அன் கம் சுஅ?' என்று கேட்பார்கள். 'நோ' என்பதற்கு மனப்பாடம் செய்த 'கோம்' இங்கே பதிலாகாது. சாப்பிட்டிருந்தால் 'ரோய்' (ஆச்சு). இல்லையென்றால் 'சுஅ' (இன்னும் இல்லை).

அதற்காகத் தமிழே எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 'ஸான்' என்பது பச்சையும்தான், நீலமும்தான். இலையின் நிறமா, வானத்தின் நிறமா என்று கூடவே சொன்னால்தான் பிரியும். இங்கே தமிழும் ஆங்கிலமும் ஒருசேரத் தோற்கின்றன.

ஒவ்வோர் அசைக்கும் தனித்தனியாக அகராதி பார்ப்பதும் வீண்வேலை. வியட்நாமிய எழுத்தில் இடைவெளி சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அல்ல, அசைக்கும் அசைக்கும் நடுவே வரும். 'மாய் பை' என்பதைப் பிரித்தால் இயந்திரம், பறத்தல், சேர்த்தால் விமானம். நீர், கண் என்ற வரிசையில் வரும் 'நுஅக் மத்' நம் கண்ணீரேதான், கட்டுமானம் மட்டும் தலைகீழ்.

நான் இங்கே தமிழில் எழுதியிருக்கும் உச்சரிப்புகளை அப்படியே பேசிப் பார்க்காதீர்கள், அவை அடையாளத்துக்குத்தான். வடக்கில் ஆறு தொனிகள் (குரலின் ஏற்ற இறக்கங்கள்) உண்டு. தெற்கில் இரண்டு கலந்து ஐந்தாகிவிட்டன. 'மா' என்ற ஓரசையே தொனிக்குத் தக்கபடி பேய், கன்னம், ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என்று மாறும். எழுத்துக்கு மேலும் கீழும் போடும் குறிகளைச் சோம்பலில் விட்டுவிட்டு எழுதிய பட்டியலைக் குப்பையில் போடலாம். தேங்காய்க்கும் அன்னாசிக்கும் வித்தியாசம் காட்டுவது அந்தக் குறிதான்.

எந்த ஊர் வழக்கு என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரை 'ஓம்' என்றால் சைகோனில் ஆள் ஒல்லி என்று பொருள். வடக்கே ஹனோயிலோ உடம்பு சரியில்லை என்று மருந்து தேடுவார்கள்.