நாட் டர்னரைப் பாடமாக நடத்தும்போது நாம் வழுக்கும் இடங்கள்

முதல் முறை இந்தப் பாடத்தை எடுத்தபோது நான் செய்த காரியம் இது. எந்த முன்னுரையும் சொல்லாமல் ஒரு பழைய மரச்செதுக்கு அச்சுப் படத்தைத் திரையில் போட்டுவிட்டு, "என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். குழந்தைகளுக்காகக் கெஞ்சும் ஒரு தாய், ஆயுதம் ஓங்கி நிற்கும் கறுப்பின ஆண்கள், அடியில் குதிரைகளில் பாய்ந்து வரும் படைவீரர்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் உடனே பதில் சொன்னான்: "சார், குதிரையில் வருகிறவர்கள் காப்பாற்ற வருகிறார்கள்."

1831-இல் அந்தப் படத்தை அச்சிட்டவர் வாசகரிடம் எதிர்பார்த்த பதிலும் அதுதான். இத்தனை ஆண்டு கழித்து, என் வகுப்பில், என் கைங்கரியத்தால் அது தன் வேலையைச் சரியாகச் செய்து முடித்தது.

நிகழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், சவுத்தாம்ப்டன் வட்டாரம். 1831 ஆகஸ்ட் 21 இரவு, அடிமையாக வைக்கப்பட்டிருந்த நாட் டர்னரும் அவருடைய தோழர்கள் ஆறு பேரும் கிளம்பினார்கள். வீடு வீடாகப் போகப் போகக் கூட்டம் ஐம்பது, அறுபது பேராகப் பெருகியது. சுமார் 55 வெள்ளையர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம். இரண்டு நாளில் ஆயுதப் படைகள் கிளர்ச்சியை அடக்கிவிட்டன. டர்னர் மட்டும் இரண்டு மாதத்துக்கு மேல் தலைமறைவாக இருந்து அக்டோபர் 30 அன்று பிடிபட்டார். நவம்பர் 5-இல் விசாரணை நடந்தது. 11-இல் தூக்கிலிட்டார்கள்.

ஆவணங்களும் படங்களும் சுலபமாகக் கிடைக்கின்றன என்பதால் ஆசிரியர்களுக்கு இது வசதியான பாடம். அந்த வசதியே ஒரு கண்ணி. கிடைப்பவற்றில் ஏறக்குறைய எல்லாமே அவரைத் தூக்கிலிட்ட தரப்பு எழுதியவை.

படத்தின் அடிக்குறிப்பை வெட்டி எறிவது

நான் திரையில் காட்டியது, சாமுவேல் வார்னர் என்பவர் பெயரில் 1831-இல் நியூயார்க்கில் வெளிவந்த ஒரு சிறு பிரசுரத்தில் இருந்த படம். பத்திரிகைச் செய்திகளையும் கடிதங்களையும் தொகுத்து எழுதிய பிரசுரம் அது. இணையத்தில் பல இடங்களில் படத்தை மட்டும் கத்தரித்து எடுத்துப் போட்டிருப்பார்கள். நானும் அப்படிக் கிடைத்ததைத்தான் எடுத்திருந்தேன். முழுத்தாளைப் பார்த்தால் கீழே எண் போட்டு நான்கு விளக்கங்கள் இருக்கும். ஒன்று, தன் குழந்தைகளின் உயிருக்காக மன்றாடும் தாய். இரண்டு, சொந்த அடிமைகளாலேயே கொடூரமாகக் கொல்லப்பட்ட திரு. டிராவிஸ். மூன்று, மனைவி தப்பிச் செல்லும்வரை வீரத்துடன் எதிர்த்து நின்ற திரு. பாரோ. நான்கு, கறுப்பர்களைத் துரத்திச் செல்லும் குதிரைப்படை.

இப்போது அடிக்குறிப்போடு சேர்த்துத்தான் காட்டுகிறேன். கேள்வியையும் மாற்றிவிட்டேன்: "இதில் யாருக்கெல்லாம் பெயர் இருக்கிறது?" டிராவிசுக்கு இருக்கிறது, பாரோவுக்கு இருக்கிறது. கறுப்பினத்தவர் ஒருவருக்கும் இல்லை. "கொடூரமாக", "வீரத்துடன்" என்ற இரண்டு சொற்களும் யார் யாருக்குப் போயிருக்கின்றன என்று கேட்டால், பதினான்கு வயதுப் பிள்ளைகளே மீதியைச் சொல்லிவிடுகிறார்கள். படம் பொய் என்று சொல்லி ஒதுக்கிவிடவும் கூடாது. தாய்மார்களும் குழந்தைகளும் உண்மையிலேயே கொல்லப்பட்டார்கள். ஆனால் அதே வாரங்களில் எந்த விசாரணையும் இல்லாமல் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர்கள் இந்தத் தாளில் எங்கே? படைவீரர்கள் துரத்துவது வரை இருக்கிறது. துரத்திப் பிடித்த பிறகு நடந்ததை யாரும் செதுக்கவில்லை.

இல்லாத முகத்தைத் தேடுவது

நாட் டர்னரின் புகைப்படம் என்று எதைக் கண்டாலும் கடந்து போய்விடுங்கள். புகைப்படக் கலையே 1839-இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அவர் இறந்து எட்டு ஆண்டு ஆகியிருந்தது. அவரை நேரில் வைத்து வரைந்த ஓவியமும் இல்லை. காட்டில் துப்பாக்கி முனையில் அவர் பிடிபடுவதாக ஒரு படம் எல்லாப் பாடக்குறிப்புகளிலும் இருக்கும். அது சுமார் அரை நூற்றாண்டு கழித்து வரையப்பட்டது. தோழர்களோடு காட்டில் கூடிப் பேசும் காட்சி 1863-ஐச் சேர்ந்தது, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அந்தப் படங்களைக் காட்டலாம், தவறில்லை. ஆனால் 1831-க்குச் சான்றாகக் காட்டக் கூடாது. பின்னால் வந்த மனிதர்கள் 1831-ஐ எப்படி நினைத்துப் பார்த்தார்கள் என்பதற்கு அவை நல்ல சான்று.

சவுக்குத் தழும்புகள் வரிவரியாகப் புடைத்த முதுகைக் காட்டும் அந்தப் புகழ்பெற்ற புகைப்படமும் அப்படித்தான். லூசியானாவில் 1863-இல் எடுத்தது. உணர்ச்சியைத் தூண்டும் என்பதற்காக எந்த அடிமை வரலாற்றுப் பாடத்திலும் அதைச் செருகிவிடுகிறோம். அந்த மனிதருக்கென்று ஒரு கதை இருக்கிறது. அவரை வேறொருவர் கதைக்கு அலங்காரமாக்குவது நியாயமில்லை.

முகம் வேண்டுமானால் அதைவிடக் கூர்மையான ஒன்று இருக்கிறது. 1831 செப்டம்பரில் வர்ஜீனியா ஆளுநர் ஜான் ஃபிளாய்ட், டர்னரைப் பிடித்துக் கொடுப்பவருக்கு 500 டாலர் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பில் அங்க அடையாளங்கள் இருக்கின்றன: ஐந்தடி ஆறு அல்லது எட்டு அங்குல உயரம், அகன்ற தோள், பெரிய கண்கள், விறுவிறுப்பான நடை, உச்சந்தலையில் முடி மிகக் குறைவு, நெற்றிப்பொட்டில் ஒரு தழும்பு. கடைசியில் ஒரு விவரம்: வலது கையில், மணிக்கட்டுக்கு அருகே எலும்பில் ஒரு பெரிய முடிச்சு, அடிபட்டதால் உண்டானது.

இந்த வரியை வகுப்பில் இரண்டு முறை படிக்கச் சொல்வேன். ஆளுநர் அலுவலகம் ஒரு மனிதரைப் பிடிக்க எழுதிய குறிப்பு, அந்த மனிதர் மீது விழுந்த அடியையும் போகிற போக்கில் பதிவு செய்துவிட்டது. எழுதியவர்களுக்கு அது அடையாளம். யார் அடித்தது, எதற்கு என்று எழுதத் தோன்றவில்லை.

வாக்குமூலத்தை அவருடைய குரலாகவே எடுத்துக்கொள்வது

இதுதான் பெரிய தவறு. நிறையப் பேர் செய்வதும் இதுதான்.

சிறையில் இருந்த டர்னரை நவம்பர் 1 முதல் 3 வரை சந்தித்துப் பேசியதாகச் சொல்லி, தாமஸ் ஆர். கிரே என்ற வழக்கறிஞர் வெளியிட்ட பிரசுரம்தான் "நாட் டர்னரின் வாக்குமூலம்". முழுவதும் "நான்", "நான்" என்று போகும். படிக்கிற மாணவனுக்கு டர்னரே எதிரில் உட்கார்ந்து பேசுவது போலிருக்கும். கிரே அவருடைய வழக்கறிஞர் இல்லை. கிளர்ச்சியில் சிக்கிய வேறு சிலருக்காக வாதாடியவர். கையில் பணம் இல்லாமல் நெருக்கடியில் இருந்தவர். தூக்குக்கு முந்தைய நாளான நவம்பர் 10 அன்று பதிப்புரிமையைப் பதிவு செய்துவிட்டார். இந்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் படிக்கப்பட்டதாகப் பிரசுரம் சொல்கிறது. நீதிமன்றப் பதிவேட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நம் மாணவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டமே இல்லை. காவல் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலம் நம் நீதிமன்றத்தில் ஏன் செல்லாது என்று கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம். கிரே போலீஸ்காரர் இல்லைதான். ஆனால் விலங்கு பூட்டிய ஒருவர் முன்னால் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தவர். எதை எழுதுவது, எப்படி எழுதுவது என்பது அவர் கையில் இருந்தது.

நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு பத்தி. டர்னர் தன் சிறுவயதைச் சொல்கிறார். நான் ஏதோ பெரிய காரியத்துக்காகப் பிறந்தவன் என்று அம்மாவும் அப்பாவும் சொன்னார்கள், என் தலையிலும் மார்பிலும் இருந்த அடையாளங்கள் அதற்குச் சாட்சி என்றார்கள் என்கிறார். உடனே ஓர் அடைப்புக்குறி. அதற்குள் கிரே: இவை சாதாரணமாகப் பலருக்கும் இருக்கிற வெறும் தசை வளர்ச்சிதான், நானே பார்த்திருக்கிறேன், இவரிடம் இருந்தவை இப்போது மறைந்துவிட்டன, அல்லது வெட்டிக்கொண்டிருப்பார். அடைப்புக்குறி முடிந்ததும் கதை எதுவும் நடக்காதது போல மறுபடி "நான்" என்று தொடர்கிறது.

இரண்டு நிறப் பென்சில் கொடுத்து, யார் எங்கே பேசுகிறார் என்று அடிக்கோடு போடச் சொல்லுங்கள். அடைப்புக்குறி வரை எல்லோரும் ஒரே மாதிரி போடுவார்கள். அதைத் தாண்டியதும் பென்சில் தயங்கும். வழக்கறிஞர் வாடை அடிக்கிற ஒரு வாக்கியம் "நான்" என்று தொடங்கினால் அது எந்த நிறம்? அந்தத் தயக்கம் வந்துவிட்டால் பாடம் பாதி முடிந்த மாதிரி. இங்கே இன்னொரு விஷயம்: ஆசிரியர் தானே தமிழில் சுருக்கி எழுதிக் கொடுத்தால் அந்த அடைப்புக்குறிதான் முதலில் காணாமல் போகும். ஒரு பத்தி போதும், ஆனால் அந்தப் பத்தியை முழுதாகக் கொடுங்கள்.

சிலர் எதிர்த்திசையில் போய், மொத்தமும் கிரேயின் கற்பனை என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதுவும் சரிப்படாது. "இப்போதாவது தவறு செய்துவிட்டோம் என்று தோன்றவில்லையா?" என்று கிரே கேட்கிறார். "கிறிஸ்து சிலுவையில் அறையப்படவில்லையா?" என்று டர்னர் திருப்பிக் கேட்கிறார். இந்தப் பதிலை இட்டுக்கட்டி கிரேக்கு ஆகப்போவது என்ன? டர்னரை மதவெறியராகச் சித்திரிக்கும் ஒருவரின் ஏட்டிலேயே இந்த வரி தங்கியிருக்கிறது.

இன்னும் சிக்கலான வரி ஒன்று உண்டு. டிராவிஸ் கருணையுள்ள எஜமானர், என்னை நடத்திய விதத்தில் எனக்குக் குறையில்லை என்று டர்னர் சொல்வதாக இருக்கிறது. அப்படியானால் முதலில் தாக்கிய வீடு ஏன் டிராவிசின் வீடு? 'நம் அடிமைகள் கொடுமையால் எழவில்லை, பைத்தியத்தால்தான் எழுந்தார்கள்' என்று வெள்ளை வாசகர்களுக்கு ஆறுதல் சொல்ல கிரே சேர்த்ததா? அல்லது நல்ல எஜமானரிடம் இருந்தாலும் அடிமை அடிமைதான் என்று டர்னர் நினைத்ததா? சட்டப்படி டர்னருக்கு உரிமையாளர் டிராவிஸ்கூட இல்லை. டிராவிசின் மனைவிக்கு முந்தைய திருமணத்தில் பிறந்த புட்னம் மூர் என்ற சிறுவன். முப்பது வயது மனிதருக்குச் சொந்தக்காரன் ஒரு சின்னப் பையன். இதைச் சொன்னதும் வகுப்பில் விவாதம் தானாகவே தடம் மாறும். நான் விடை சொல்வதில்லை.

ஓர் எச்சரிக்கை. 1967-இல் இதே தலைப்பில் ஒரு நாவல் வந்தது. இணையத்தில் தேடும் மாணவர்கள் நாவலின் வரிகளை ஆவணம் என்று நினைத்து எழுதி வருவார்கள். திட்டாதீர்கள், தலைப்பு அப்படி.

சொல்லிலேயே தீர்ப்பு எழுதிவிடுவது

கலகம், கிளர்ச்சி, எழுச்சி, புரட்சி. தமிழில் எழுதும்போது எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம். வேலூரில் 1806-இல் நடந்தது சிப்பாய்க் கலகமா புரட்சியா என்ற பழைய வழக்கு நமக்குத் தெரியாததா! நான் "கிளர்ச்சி" என்று எழுதுகிறேன். ஏன் என்று மாணவர்கள் கேட்டால் பலகையில் நான்கு சொற்களையும் எழுதிவிட்டு அவர்களிடமே விட்டுவிடுவேன். "நீக்ரோ" என்ற சொல் பழைய ஆவணங்களில் வரும். மேற்கோளுக்குள் இருக்கட்டும், நம் வாக்கியத்துக்குள் வேண்டாம்.

அப்புறம், ஜெருசலேம். டர்னரின் கூட்டம் ஜெருசலேமை நோக்கிப் போனது என்று படித்ததும் பாலஸ்தீனத்துக்குப் போய்விடும் பிள்ளைகள் எல்லா ஆண்டும் உண்டு. அது அந்த வட்டாரத்தின் தலைநகரான சிற்றூர், இன்று கோர்ட்லேண்ட். வரைபடத்தை முதல் நாளே மாட்டிவிடுங்கள்.

முன்னும் பின்னும் இல்லாமல் நடத்துவது

ஆகஸ்ட் 21-இல் தொடங்கி நவம்பர் 11-இல் முடித்தால் ஒரு தனி மனிதரின் வெறிச்செயல் போலத்தான் தெரியும். 1791-இல் ஹெய்ட்டியில் தொடங்கிய அடிமைகளின் கிளர்ச்சி, 1800-இல் ரிச்மண்டில் கேப்ரியல் என்பவர் போட்ட கிளர்ச்சித் திட்டம், 1822-இல் சார்ல்ஸ்டனில் டென்மார்க் வீசி என்பவர் போட்ட திட்டம் என்று ஒரு நிமிடமாவது ஒதுக்குங்கள். பின்விளைவில் ஒரு பிழை அடிக்கடி வரும்: டர்னரால்தான் வர்ஜீனியாவில் கறுப்பினத்தவருக்கு எழுத்தறிவிக்கும் கூட்டங்கள் தடை செய்யப்பட்டன என்பார்கள். அந்தச் சட்டம் வந்தது 1831 ஏப்ரலில், கிளர்ச்சிக்கு நான்கு மாதம் முன்பே. கறுப்பினத்தவர் மதப்போதனை செய்வதைத் தடுத்த சட்டம்தான் 1832-இல், கிளர்ச்சிக்குப் பின் வந்தது. அதே குளிர்காலத்தில் அடிமை முறையையே ஒழிக்கலாமா என்று வர்ஜீனியா சட்டமன்றம் வெளிப்படையாக விவாதித்தது; அதற்கான தீர்மானம் 58-க்கு 73 என்ற வாக்குகளில் தோற்றது. இது பாடங்களில் வருவதே இல்லை.

மாணவர்களை எஜமானராகவும் அடிமையாகவும் நடிக்க வைப்பது இன்னொரு பழக்கம். வேண்டாம். யாரை அடிமையாக நிற்க வைப்பது என்று நாம் தேர்ந்தெடுக்கும் அந்த நொடியிலேயே வகுப்பில் ஏதோ ஒன்று உடைந்துவிடுகிறது.

கறுப்பினத்தவரின் குரல் கிடைக்காது என்று கைவிடுவது

குறைவு என்பது உண்மை. ஹாரியட் ஜேக்கப்ஸ் இருக்கிறார். வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் அடிமையாக இருந்தவர்; தப்பி வந்து 1861-இல் தன் வரலாற்றை வெளியிட்டார். டர்னர் செய்தி வந்ததும் ஆயுதக் கும்பல்கள் கறுப்பினத்தவர் வீடுகளைச் சோதனையிட்டதை ஓர் அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறார். பாட்டி வீட்டில் அவர்கள் எழுத்துள்ள காகிதத்தைக் கண்டதும் கொதித்துப் போகிறார்கள். கவிதை எழுதிய துண்டுக் காகிதம்! மரச்செதுக்குப் படத்தின் குதிரைப்படைக்குப் பக்கத்தில் இந்த அத்தியாயத்தை வைத்துப் பாருங்கள்.

மற்றவர்களின் குரலை எதிர்த்தரப்புத் தாளிலிருந்துதான் கிள்ளி எடுக்க வேண்டும். 1831 செப்டம்பர் 26 தேதியிட்ட ரிச்மண்ட் பத்திரிகை ஒன்றில் பெயர் போடாத ஒருவர் எழுதிய கடிதம் இருக்கிறது. டர்னருக்குச் சொந்தமான சில காகிதங்கள் தன்னிடம் உள்ளன என்கிறார். புரியாத குறியீடுகள், சிலுவை, சூரியன், சில எண்கள். இரத்தத்தால் எழுதியது போலத் தெரிகிறதாம். அந்தக் காகிதங்கள் எப்படிக் கிடைத்தன என்பதை வாக்கியத்தின் ஓரத்தில் சொல்லிவிட்டுப் போகிறார்: சவுக்கடியின் கீழ், டர்னருடைய மனைவி கொடுத்தது.

போன ஆண்டு இந்த வரியைப் படித்த ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "அவர் பெயர் என்ன, சார்?" கடிதத்தை மறுபடி பார்க்கச் சொன்னேன். அவள் விரலை வைத்து வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது.