மானெக்‌ஷாவை ஓவியமாக வரைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவுக்கு நினைவு ஓவியம் தீட்ட முற்படுவோர், அவரை எந்த ஆண்டின் தோற்றத்தில் காட்டப்போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். இதைத் தள்ளிப்போடுவதால்தான், முகத்தை ஒரு நிழற்படத்திலிருந்தும் சீருடையை வேறொன்றிலிருந்தும் எடுத்துச் சேர்க்கும் தவறு நேர்கிறது.

1971 டிசம்பர் போரின்போது அவர் தரைப்படைத் தலைமைத் தளபதி, பதவியளவில் ஜெனரல். ஃபீல்டு மார்ஷல் பதவி அவருக்கு 1973 ஜனவரியில்தான் வழங்கப்பட்டது. ஆகவே, போர்க்காலத் தோற்றம் என்று சொல்லி வரையும் ஓவியத்தில், குறுக்காக அமைந்த கோலையும் வாளையும் தாமரை வளையம் சூழ்ந்திருக்கும் தோள்சின்னம் இடம்பெறக் கூடாது. ஜெனரலின் தோளில் மேலே அசோகச் சின்னமும், அதன்கீழ் ஐந்துமுனை நட்சத்திரமும், அடியில் கோலும் வாளும் மட்டுமே இருக்கும். டாக்காவில் டிசம்பர் 16 அன்று நடந்த சரணடைவுக் காட்சியில் அவரைச் சேர்ப்பது இதைவிடப் பெரிய பிழை; அந்த மேசையில் பாகிஸ்தான் படைத்தளபதி நியாஸியின் அருகே அமர்ந்து கையெழுத்திட்டவர் லெப்டினன்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா.

பதக்க நாடாக்களைக் கைக்கு வந்த வண்ணக் கோடுகளாக இழுத்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. 1942இல் பர்மா போர்முனையில் படுகாயமுற்றபோது அவர் பெற்ற மிலிட்டரி கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப்பதக்கத்தின் நாடா வெள்ளை, ஊதா, வெள்ளை என்ற மூன்று செங்குத்துப் பட்டைகளைக் கொண்டது. அது தெரிந்தவர் கண் நேரே அங்கேதான் போகும். நாடா வரிசை வலது மார்பில் தெரிந்தால், மாதிரிப் படம் இடம் வலமாகப் புரட்டப்பட்டது என்று கொள்ளலாம். சட்டையின் இடப்பக்க மடிப்பு மேலே வந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

ஸ்பானிய ஓவியர் கோயா 1812இல் தீட்டிய, பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரபுவின் ஓவியத்திலேயே, பிறகு கிடைத்த விருதுகளைச் சேர்ப்பதற்காக மார்புப் பகுதி திருத்தப்பட்டது. உயிரோடிருந்தவரின் படத்தை அப்படிப் புதுப்பித்ததில் பொருளுண்டு. நினைவு ஓவியத்தில் அதற்குத் தேவையில்லை. பொத்தான்களையும் பதக்கங்களையும் பளபளக்கச் செய்வதிலேயே பொழுதைச் செலவிட்டு, ஐம்பத்தேழு வயது முகத்தின் சுருக்கங்களை மழித்துவிடுவது, என் பார்வையில், சின்னங்களைப் பிழையாக வரைவதைவிட மோசமானது.

பெயர்ப்பலகையில் ‘ஓய்வு’ என்று எழுதக் கூடாது; இந்தியாவில் ஃபீல்டு மார்ஷல் வாழ்நாள் பதவி என்பதால், நீலகிரி வெலிங்டனில் 2008 ஜூன் 27 அன்று மறையும்வரை அவர் அப்பதவியிலேயே இருந்தார்.