அம்மாவுக்கு ஹன்டிங்டன் இருக்குன்னா நாம டெஸ்ட் எடுக்கணுமா?

ஹன்டிங்டன்ங்கிறது மூளை நரம்பு செல்லுங்கள கொஞ்சம் கொஞ்சமா அழிக்குற பரம்பரை நோய். அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு அது இருந்தா நமக்கு வர்ற சான்ஸ் 50 சதவீதம், ஆணா பொண்ணாங்கிறதெல்லாம் கணக்கே இல்ல. ரத்தம் எடுத்து ஒரு ஜீன்ல சிஏஜிங்கிற மூணு டிஎன்ஏ எழுத்து எத்தன தடவ திரும்பத் திரும்ப வருதுன்னு எண்ணுவாங்க, 40ஓ அதுக்கு மேலயோ இருந்தா ஆயுசுக்குள்ள நோய் வந்துரும், 36லேர்ந்து 39 வரைக்கும்னா வரலாம் வராமலும் போகலாம். தடுக்க மருந்து இன்னும் இல்ல, அதனால சுகர் டெஸ்ட் மாதிரி போற போக்குல எடுத்துராதீங்க, ப்ளீஸ்.

மொதல்ல ஜெனட்டிக் கவுன்சிலர்கிட்ட (பரம்பரை நோய், டெஸ்ட் பத்தி ஆலோசனை சொல்றவங்க) உக்காந்து பேசுங்க. அப்புறம் ரிசல்ட் தெரிஞ்சா எத மாத்துவீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க, கல்யாணம், வேல, இன்சூரன்ஸ், குழந்த (ஐவிஎஃப்ல கருவ டெஸ்ட் பண்ணி வைக்குற வழியும் இருக்கு). ஒண்ணுமே மாறாதுன்னு தோணுச்சுன்னா அவசரமே வேணாம். ரத்தம் குடுத்தப்புறம்கூட ரிசல்ட் வேணாம்னு சொல்லலாம், அது உங்க உரிமை. வாங்கப் போறப்ப தனியா போகாதீங்க. அறிகுறி இல்லாத 18 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்களுக்கு எடுக்க வேணாம், வளந்தப்புறம் அவங்களே முடிவு பண்ணட்டும்.

நான்சி வெக்ஸ்லர்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் தெரியுமா, அம்மாவ இந்த நோய்க்குப் பறிகொடுத்தவங்க, வெனிசுலாவுல மராகைபோ ஏரிக்கரைக் குடும்பங்களோட வருஷக்கணக்கா பழகி, 1993ல அந்த ஜீனக் கண்டுபிடிக்கக் காரணமா இருந்தவங்க. தனக்கும் இருக்குன்னு 2020லதான் வெளிய சொன்னாங்க. அதுக்குள்ள எவ்ளோ வாழ்ந்துட்டாங்க பாருங்க!

அண்ணன் தங்கச்சி தெரிஞ்சுக்க விரும்பலன்னா உங்க ரிசல்ட்ட அவங்ககிட்ட திணிக்காதீங்க, கேட்டா மட்டும் சொல்லுங்க.