சம்பள ரேட் வெளியே தெரியாமல் அட்டவணை அனுப்பிய வழி

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு இயந்திரம் நிறுவும் வேலை. வேலைகளைத் திட்டமிடும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் போட்ட அட்டவணையை சைட்டுக்கு அனுப்பினால், யாருக்கு மணிக்கு எவ்வளவு என்பதும் கூடவே போனது. ரேட் காட்டும் நெடுவரிசையை மறைத்தேன். யாரும் திரும்பக் கொண்டுவரலாம். அதில்லாமலே, செலவை மணிநேரத்தால் வகுத்தால் ரேட் வந்துவிடும். திருத்தத்துக்குப் பாஸ்வேர்ட் போட்டாலும் பார்ப்பதைத் தடுக்காது.

கைகொடுத்தது, வேலை தொடங்கும் முன்பே கோப்பை டெம்ப்ளேட்டாக, அதாவது மாதிரிக் கோப்பாக, சேமித்ததுதான். எதையெல்லாம் நீக்கலாம் என்று அப்போது ஒரு பெட்டி கேட்கும். அதில் 'ரிசோர்ஸ் ரேட்ஸ்' டிக் செய்தால் மட்டும் போதாது, பேஸ்லைன் (பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கச் சேமித்து வைத்த திட்டம்) மதிப்புகளையும் டிக் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேஸ்லைன் செலவு அப்படியே தங்கி, அதே வகுத்தல் கணக்கில் சம்பளம் தெரிந்துவிடும். அப்புறம் டெம்ப்ளேட்டைத் திறந்து சாதாரணக் கோப்பாகச் சேமித்து, ஆட்களின் செலவு பூஜ்ஜியமா என்று பார்த்துவிட்டு அனுப்பினேன். ரேட் உள்ள மூலக் கோப்பு அக்கவுண்ட்ஸ் கணினியில் மட்டும் இருக்கிறது. நிம்மதி.