அரச கட்டட ஒப்பந்தத்தில் பயிலுநர் நிபந்தனை: மட்டக்களப்பில் முதல் முறை வேலை எடுப்பவர்களுக்கு

தளத்தில் தொழில் பழகும் பயிலுநர்களையும் வேலைக்கு வைக்கவேண்டும் என்பதுதான் பயிலுநர் நிபந்தனை. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த பிறகுதான் பலர் அதை வாசிக்கிறார்கள். அதற்குள் விலை போட்டு முடிந்துவிடும். பயிலுநருக்குக் கொடுக்கும் காசு கையிலிருந்துதான் போகும். அதனால் கேள்விப்பத்திரம் (டெண்டர்) வாங்கிய அன்றே இந்த நிபந்தனையைப் பார்க்கத் தொடங்குங்கள்.

படி 1: நிபந்தனையைத் தேடுங்கள்

எல்லாக் கேள்விப்பத்திரத்திலும் இது இருக்காது. இருந்தால் ஒப்பந்தத் தரவு, விசேட நிபந்தனைகள், பி.ஓ.கியூ.வின் (வேலை அளவு, விலைப் பட்டியலின்) ஆரம்ப வேலைப் பகுதி ஆகிய மூன்றில் ஒன்றில் இருக்கும். பி.ஓ.கியூ.வில் தனி வரி இல்லையென்றால் அந்தச் செலவை உங்கள் மற்ற விலைகளுக்குள் சேர்த்துவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

படி 2: எதைக் கணக்கிடுகிறார்கள் என்று பாருங்கள்

தடுமாற்றம் பெரும்பாலும் இங்கேதான். 'இத்தனை பேர்' என்பது ஒன்று, 'ஆட்களில் இத்தனை வீதம்' என்பது இன்னொன்று, 'வேலை மணிநேரத்தில் இத்தனை வீதம்' என்பது முற்றிலும் வேறு. கலிபோர்னியாவின் அரச வேலைகளில் தேர்ந்த தொழிலாளியின் ஐந்து மணிநேரத்துக்குக் குறைந்தது ஒரு மணிநேரம் பயிலுநர் வேலை செய்யவேண்டும் என்பது சட்டம். அங்கே ஆளின் எண்ணிக்கையைக் காட்டித் தப்பமுடியாது.

நிபந்தனை மணிநேரத்தில் 10 வீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பயிலுநர் உட்பட 12 பேர், நாளுக்கு 8 மணி, மாதம் 26 நாள்: 2,496 மணிநேரம். பத்து வீதம் ஏறக்குறைய 250. ஒரு பயிலுநர் ஒரு நாளும் தவறாமல் வந்தாலே 208 தான். குறையை நிரப்ப இன்னொருவர் 6 நாள் வரவேண்டும். அவரது 48 மணிநேரம் மொத்தத்தையும் 2,544 ஆக்கும். இப்போது தேவை 254.4, உங்களிடம் இருப்பது 256. நூலிழையில்தான் தப்புகிறது. ஆகவே 12 பேருக்கு இரண்டு பயிலுநர் என்று திட்டமிடுவதே புத்தி.

நிபந்தனை தெளிவில்லையா? விலைமனு மூடும் திகதிக்கு முன்பே எழுத்தில் விளக்கம் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை நம்பி விலை போடாதீர்கள்.

படி 3: ஆளைத் தெரிவு செய்யுங்கள்

16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைக்கமுடியாது. 18க்குக் குறைந்தவர்களுக்கு ஆபத்தான வேலைகள் தடை. சாரத்தில் ஏறவேண்டிய தளத்துக்கு 18 முடிந்தவரையே எடுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம சேவகரின் நற்சான்று, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளை ஒரே கோப்பில் வையுங்கள்.

படி 4: வேலைக்கு முன்பே பதிவு

தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின், ஊர் வழக்கில் நைட்டாவின், மாவட்ட அலுவலகத்தில் பயிற்சி ஒப்பந்தத்தைச் செய்யுங்கள். பையன் தளத்துக்கு வந்த திகதி ஒப்பந்தத் திகதிக்கு முந்தியது என்றால் அந்த நாட்களைப் பயிற்சியென்று காட்டுவது சிரமம். சம்பளம் பெறும் பயிலுநரும் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் 'ஊழியர்' என்பதற்குள் வருகிறார்: உங்கள் பங்கு 12 வீதம், அவருடையது 8. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம். விலை போடும்போதே இதைச் சேருங்கள்.

படி 5: வேலையையும் பயிற்சியையும் பொருத்துங்கள்

மேசன் பயிலுநருக்கு முதல் வாரம் மணல் அரிப்பதும், அளவுப்பெட்டியால் 1:5 சாந்து குழைப்பதும் போதும். பிறகு 10 மில்லிமீற்றர் மூட்டோடு கல் வைப்பது, தூக்குக்குண்டு பிடிப்பது, கொங்கிறீற்றுக்கு 7 நாள் தண்ணீர் விடுவது, கடைசியில் பூச்சு.

சிக்கல், பயிற்சிக் காலம் ஒப்பந்தக் காலத்தைவிட நீளமாக இருக்கலாம். 180 நாளில் கட்டடம் முடிந்துவிட்டால் மிச்சப் பயிற்சியை எங்கே கொடுப்பீர்கள்? உங்கள் அடுத்த தளத்துக்கு மாற்றுவதைப் பற்றி நைட்டாவிடம் முன்பே பேசிவிடுங்கள்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஐப்பசி முதல் தை வரை மழை. அத்திவாரம் வெட்டின குழியில் தண்ணீர் நிற்கும், வேலை நாள் குறையும். பெரும்போக வேளாண்மை வெட்டத் தொடங்கினால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பையன்கள் வயலுக்குப் போவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த மாதங்களில் மணிநேரம் குறையும் என்று எண்ணி, பூச்சு வேலை நடக்கும் மாதங்களில் கூட்டி வையுங்கள்.

படி 6: பதிவேடு

திகதி, பெயர், செய்த வேலை, மணிநேரம், பழக்கிய மேசனின் பெயர், இருவரின் கையெழுத்து. அன்றன்றே நிரப்பவேண்டும். மாத முடிவில் ஒரே பேனையால் ஒரே கையெழுத்தில் நிரப்பிய கொப்பியை டி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். இடைக்காலப் பில்லோடு அதன் பிரதியையும் இணையுங்கள்.

கூலி வேலையை மட்டும் இன்னொருவரிடம் லேபர் கொன்ட்ராக்டுக்கு விட்டால் கூடுதல் கவனம் தேவை. தலைமை மேசன் கூட்டிவரும் 'நம்ம பையன்' உங்கள் பதிவேட்டில் இல்லாவிட்டால் அவன் பயிலுநர் இல்லை. மூன்று மாதம் கல் சுமக்க மட்டும் விட்டவனையும் பயிலுநர் என்று எழுதமுடியாது. டி.ஓ. அவனிடம் மட்டக்கோலைக் கொடுத்து, கட்டின சுவரைப் பார்க்கச் சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடும்.

இடையில் ஒருவர் விலகினால் அதே வாரத்தில் நைட்டாவுக்கும் பொறியியலாளருக்கும் கடிதம் கொடுத்து, மாற்று ஆளைப் பதியுங்கள். விலகல் கடிதத்தில் கடைசி வேலை நாள் பதிவேட்டோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்தே கையெழுத்து வையுங்கள்.