துவாரெக் வெள்ளித் தாயத்துகள்: தேர்வும் பராமரிப்பும்

நைஜர், மாலி, அல்ஜீரியா முதலிய நாடுகளில் பரவிக் கிடக்கும் சகாராப் பாலைவனத்தில் வாழும் துவாரெக் மக்கள், பொன்னை விலக்கி வெள்ளியையே விரும்பி அணிந்து வந்தவர்கள். அவர்களுடைய நகைகளை இனாடன் எனப்படும் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகின்றனர். சேகரிக்கத் தொடங்குபவர் முதலில் மூன்று வடிவங்களைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும்: மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்படும், நைஜரின் அகாடெஸ் நகரப் பெயர் கொண்ட அகாடெஸ் சிலுவை, தோலின்மேல் ஐந்து சாய்சதுரத் துண்டுகளைப் பதித்த கொமைசா, எழுதிய புனித வசனங்களை உள்ளே வைத்து மூடிய செரோட் என்னும் தாயத்துப் பெட்டி.

வாங்கும்போது உலோகத்தைச் சோதிப்பதே முதல் வேலை. முற்காலக் கொல்லர்கள் பெரும்பாலும் நாணயங்களை உருக்கியே வெள்ளி பெற்றனர். 1780 என்று பொறிக்கப்பட்ட மரியா தெரேசா தாலர் என்னும் ஆஸ்திரிய வெள்ளி நாணயம் ஏறத்தாழ 28 கிராம் எடையும் ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளியும் கொண்டது. ஆகவே, ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பதைக் காட்டும் 925 முத்திரை பழைய நகையில் இல்லாதது குறையன்று. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த ‘ஜெர்மன் சில்வர்’ பார்வைக்கு வெள்ளி போலவே இருக்கும். காந்தம் இரண்டையுமே இழுக்காது என்பதால் அந்தச் சோதனையால் பயனில்லை. நகைத்தொழில் அறிந்தவரிடம் கொடுத்து, பின்புறத்தில் கண்ணுக்குப் படாத ஓரிடத்தை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

அடுத்துத் தேய்மானத்தைப் பாருங்கள். பல்லாண்டுகள் அணியப்பட்ட சிலுவையில் கயிறு கோத்த வளையத்தின் உட்புறமும், உடலோடு உரசிய பின்புறமும் மழுங்கியிருக்கும். பள்ளங்களிலும் மேடுகளிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால், பழமை காட்டுவதற்காக மருந்திட்டுக் கறுப்பாக்கப்பட்டிருக்கக்கூடும். எனினும் புதிய நகையைத் தாழ்வாக எண்ண வேண்டாம். இன்றும் உளிபிடித்து வேலை செய்யும் கொல்லரின் நல்ல சிலுவை, பழமை வேடமிட்ட மோசமான ஒன்றைவிட என் கணக்கில் பன்மடங்கு உயர்ந்தது.

மூடிய செரோட்டை ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளிருக்கும் எழுத்து ஒருவரின் காப்புக்காக எழுதப்பட்டது. நம் ஆவலைத் தீர்ப்பதற்காக அன்று. திறக்க முயன்றால் தகடும் சிதையும்.

பராமரிப்பில் நம் வீட்டுப் பழக்கங்களே பெரும் ஆபத்து. பற்பசையும் விபூதியும் நுண்ணிய கோடுகளைத் தேய்க்கும். செம்பும் பித்தளையும் ஒட்டிய பெட்டியில் புளியின் அமிலம் அந்த உலோகங்களை அரிக்கும். சோடா உப்பும் அலுமினியத் தாளும் சேர்த்து ஊறவைப்பது, கடையில் விற்கும் பாலிஷ் நீரில் முக்குவது ஆகிய இரண்டும் செதுக்கலின் பள்ளத்தில் படிந்த கருமையையும் நீக்கிவிடும். அந்தக் கருமை இருந்தால்தான் கோலம் தெளிவாகத் தெரியும் என்பதால், உலர்ந்த மென்மையான பருத்தித் துணியால் மேடுகளை மட்டும் துடைத்தால் போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், முழுக்க உலோகமான நகையை மட்டும் மென்மையான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் விரைவாகக் கழுவி உடனே உலர்த்துங்கள். தோல் உள்ளதை நனைக்கவே கூடாது.

காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளி கறுக்கிறது. எனவே ரப்பர் வளையம், கம்பளித் துணி ஆகியவற்றின் அருகே நகைகளை வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே பருத்தித் துணியில் சுற்றி, முழு உலோக நகைகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய பையில் வைக்கலாம். தோல் நகைகளை நெகிழிப் பையில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். பழைய தோல் கயிறு இற்றுப்போனால் புதியதை மாட்டிக்கொண்டு, பழைய கயிற்றை, நகை வாங்கிய இடம், நாள், நகையின் எடை ஆகிய குறிப்புகளோடு சேர்த்து வையுங்கள்.